வெட்டியதும் விட்டதும்

பாரிஸில் நடந்த ஒரு கல்யாணத்தில் மணப்பெண் கட்டியிருந்த கூறைப்புடவை என்ன நிறம் என்ற கேள்வி, எங்கள் வீட்டில் ஏறக்குறைய ஒரு வருஷ காலம் தீராத வழக்காக இருந்தது.

1988-ஆம் வருஷம், எனக்கு எட்டு வயது. பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து போனவர்களை எங்கள் புதுச்சேரியில் ‘சொல்தா’ என்பார்கள். என் தாய்மாமன் ஒரு சொல்தா. அவருடைய மைத்துனிக்குப் பாரிஸில் கல்யாணம் நடந்தது. வர முடியாதவர்கள் பார்க்கட்டும் என்று அதை வீடியோவில் பிடித்து, ஊருக்கு வந்த யார் கையிலோ ஒரு கேஸட்டைக் கொடுத்தனுப்பியிருந்தார். டெக்கும் கலர் டி.வி.யும் ஒரு நாள் வாடகைக்கு வந்தன. தெருவில் பாதி எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. கேஸட் ஓடிற்று. மேளம் கேட்டது, மாலை தெரிந்தது, மணப்பெண் சிரித்தாள். ஆனால் எல்லாம் கறுப்பு வெள்ளை! டெக் கொண்டுவந்த பையன் பொத்தான்களையெல்லாம் அமுக்கிப் பார்த்துவிட்டு, “கேஸட்டே இப்பிடித்தாங்க” என்று சொல்லித் தப்பித்துக்கொண்டான்.

புடவை அரக்கு நிறம் என்று அடித்துச் சொன்னாள் ஆயா. அம்மாவைப் பெற்றவளை எங்கள் பக்கத்தில் ஆயா என்றுதான் கூப்பிடுவது. மாம்பழ மஞ்சள் என்றாள் பெரியம்மா. பிரான்சு தேசமே கறுப்பு வெள்ளையாகத்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நான் எண்ணிக்கொண்டேன். மறு வருஷம் மாமா ஊருக்கு வந்தபோது வாசற்படியிலேயே அவரை மடக்கிக் கேட்டார்கள். “கிளிப்பச்சை” என்றார் அவர். வாதி, பிரதிவாதி இருவருக்குமே தோல்வி.

இந்தச் சங்கடத்துக்குக் காரணம் கேஸட்டும் அல்ல, டெக்கும் அல்ல. இரண்டு தேசங்களின் பிடிவாதம். பிரான்சு 1967-இல் கலர் டெலிவிஷனைத் தொடங்கியபோது, ஹென்றி து பிரான்ஸ் என்ற தன் நாட்டு எஞ்சினீயர் கண்டுபிடித்த ‘சீகாம்’ முறையை வைத்துக்கொண்டது. இந்தியா 1982-இல் ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டிக் கலருக்கு மாறியபோது ஜெர்மானியரின் ‘பால்’ முறையை எடுத்துக்கொண்டது. இரண்டிலும் கறுப்பு வெள்ளைப் பகுதி ஏறக்குறைய ஒன்றேதான். வர்ணத்தைச் சொல்லும் விதம்தான் வேறு. ஆகையால் பிரான்சில் பதிந்த கேஸட் நம் டெக்கில் உருவத்தைக் காட்டும், நிறத்தைக் காட்டாது. 1954 நவம்பர் 1-ஆம் தேதி ஊரை நம்மிடம் ஒப்படைத்துவிட்டுப் போனவர்கள், ஒரு புடவையின் நிறத்தை மட்டும் கையோடு கொண்டுபோய்விட்டார்கள் என்று மாமா வேடிக்கையாகச் சொல்வார்.

வெகுகாலத்துக்குப் பிறகு, வீட்டில் எடுத்த ஒரு படத்தை வெட்டி ஒட்ட எந்தச் சாஃப்ட்வேர் நல்லது என்று நானே தேடி அலைய நேர்ந்தது. அப்போது அந்தப் புடவை அடிக்கடி ஞாபகத்துக்கு வந்தது. எதில் பதிகிறோமோ அதுவே, பின்னால் நமக்கு எது மிஞ்சும் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. அதைச் சொல்வதற்குச் சற்றுப் பின்னாலிருந்து தொடங்க வேண்டும்.

*

வீட்டுப் படம் என்பது சினிமாவுக்குப் பின்னால் பிறந்த சமாசாரம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் இரண்டும் ஒரே நாளில் சபைக்கு வந்தவை. 1895 டிசம்பர் 28-ஆம் தேதி பாரிஸில் ‘கிராண்ட் கஃபே’யின் கீழ்த்தளத்தில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு காட்டிய பத்துப் படங்களில் ஒன்று, ஒரு குழந்தை சாப்பிடுவது. அண்ணன் ஓகுஸ்த்தும் அவர் மனைவியும் தங்கள் கைக்குழந்தைக்கு ஆகாரம் ஊட்டுகிறார்கள். தம்பி லூயி படம் பிடிக்கிறார். ஒரு நிமிஷம்கூட ஓடாத படம். வெட்டும் கிடையாது, ஒட்டும் கிடையாது; பிலிம் தீர்ந்தால் படம் முடிந்தது. அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் குழந்தையைவிட, பின்னால் மரத்தின் இலைகள் காற்றில் ஆடுவதைக் கண்டுதான் அதிகம் அதிசயித்தார்கள் என்று சொல்வதுண்டு. இலைகளை யாரும் படம் பிடிக்க நினைக்கவில்லை. அவை தாமாக வந்து விழுந்தவை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இது வேண்டியிருக்கும்.

1922-ஆம் வருஷக் கிறிஸ்துமஸ் சமயத்தில் பாத்தே கம்பெனியார் ‘பாத்தே பேபி’ என்ற சின்னப் புரொஜெக்டரை வீடுகளுக்கென்றே விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். மறு வருஷம் அதற்கேற்ற கேமராவும் வந்தது. பிலிமின் அகலம் ஒன்பதரை மில்லிமீட்டர். ஓரத்தில் இருக்க வேண்டிய துளைகள் நடுவில் இருக்கும். 1923-இல் அமெரிக்காவின் கோடக் 16 மில்லிமீட்டர் பிலிமையும், 1932-இல் 8 மில்லிமீட்டரையும், 1965-இல் ‘சூப்பர் 8’-ஐயும் கொண்டுவந்தது. பணமுள்ளவர்களின் பொழுதுபோக்குத்தான், ஆனாலும் வெட்டுவதில் ஒரு நேர்மை இருந்தது. பிலிமை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் ஒவ்வொரு படமும் கண்ணுக்குத் தெரியும். வேண்டிய இடத்தில் நறுக்கிப் பசை போட்டு ஒட்டலாம். நறுக்கிய துண்டு தரையில் விழும். மனம் மாறினால் பொறுக்கி எடுத்துக்கொள்ளலாம்.

1976-இல் வி.எச்.எஸ். கேஸட் வந்தது. டேப்பைத் தூக்கிப் பிடித்தால் பழுப்பு நிறம் தெரியுமே தவிர, படம் தெரியாது. கத்தரிக்கோலுக்கு அங்கே வேலை இல்லை. இரண்டு டெக்குகளை இணைத்து, ஒன்றில் ஓடவிட்டு மற்றதில் வேண்டியதை மட்டும் பதிய வேண்டும். பிரதிக்குப் பிரதி எடுக்க எடுக்கச் சிவப்பு வழியும், முகம் கரையும். நம் ஊர்க் கல்யாண வீடியோக்களில் மூன்றாவது பிரதி கிடைத்த உறவினர்களுக்கு மாப்பிள்ளை யார், மாப்பிள்ளைத் தோழன் யார் என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடாக இருந்தது.

1995-இல் ‘மினி டி.வி.’ என்ற சின்ன டிஜிட்டல் கேஸட் வந்து இந்தக் குறையைத் தீர்த்தது. அதில் ஒவ்வொரு படமும் தனித்தனியே முழுதாகப் பதிவாகியது. கம்ப்யூட்டரில் ஏற்றி எந்த இடத்தில் வேண்டுமானாலும் வெட்டலாம். எத்தனை பிரதி எடுத்தாலும் மங்காது. ஒரே கஷ்டம், ஒரு மணி நேரக் கேஸட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

மனிதனுக்கு அந்த ஒரு மணி நேரம் பொறுக்கவில்லை. 2000-ஆம் வருஷம் ஹிட்டாச்சி கம்பெனி டி.வி.டி. தட்டிலேயே படம் பிடிக்கும் கேமராவைக் கொண்டுவந்தது. 2003-இல் சோனியும் சேர்ந்துகொண்டது. கிராமபோன் தட்டின் பேரப் பிள்ளையைப் போல, எட்டே சென்டிமீட்டர் விட்டம் உள்ள தட்டு. கொள்ளளவு 1.4 ஜி.பி. நல்ல தரத்தில் பிடித்தால் இருபது நிமிஷம், நடுத்தரத்தில் அரை மணி. சுருட்டவும் வேண்டாம், பின்னோக்கி ஓட்டவும் வேண்டாம். பிடித்த கையோடு எடுத்து டி.வி.டி. பிளேயரில் போட்டுப் பார்க்கலாம் என்று விளம்பரம் செய்தார்கள். சொன்னது பொய்யில்லை. பார்ப்பதற்கு அதைவிடச் சுலபமான சாதனம் இல்லை. ஆனால் வெட்டுவதற்கு அதைவிட வம்பான சாதனமும் இல்லை.

ஏன் என்பதை மாமாவின் கடிதங்களைக் கொண்டு சொல்கிறேன். பிரான்சிலிருந்து மாதத்துக்கு ஒன்று எழுதுவார். வருஷத்தின் முதல் கடிதத்தில் எல்லோருடைய க்ஷேமமும் விவரமாக இருக்கும். அடுத்து வருபவற்றில், “பெரியவனுக்கு ஜுரம் நின்றுவிட்டது, மற்றவை முன் கடிதத்தில் கண்டபடி” என்று இரண்டு வரிதான். காகிதம் மிச்சம், தபால் செலவும் மிச்சம். ஆனால் முதல் கடிதம் காணாமற்போனால் மற்றவை எதற்கும் உதவா. ‘எம்பெக்-2’ என்னும் முறையில் டி.வி.டி. தட்டு செய்வதும் இதேதான். செகண்டுக்கு 25 படங்கள் என்றால் அவற்றில் ஏறக்குறைய அரை செகண்டுக்கு ஒன்றுதான் முழுப் படம். நடுவில் உள்ளவையெல்லாம் ‘மற்றவை முன் படத்தில் கண்டபடி’ என்ற மாறுதல் குறிப்புகள். அப்படிச் சுருக்காவிட்டால் அந்தச் சின்னத் தட்டில் இருபது நிமிஷம் அடங்காது. நடுவில் வெட்டினால் கம்ப்யூட்டர் தவிக்கும். சில சாஃப்ட்வேர்கள் அந்தத் தவிப்புக்குப் பயந்து படம் முழுவதையும் பிரித்து, மறுபடி ஆதியிலிருந்து சுருக்கி எழுதும். இரவெல்லாம் கம்ப்யூட்டர் உறுமும். காலையில் பார்த்தால் அலையின் நுரை கட்டம் கட்டமாக உறைந்திருக்கும். கேஸட் காலத்து மூன்றாவது பிரதியின் சாபம் புது வேஷத்தில் திரும்பி வந்துவிட்டது.

*

2007-இல் மாசி மகத்துக்கு மாமா வந்தார். கையில் தட்டுக் கேமரா. மாசி மகத்தன்று மயிலம் முருகன் முதலாகச் சுற்றுவட்டாரத்துச் சுவாமிகளெல்லாம் எங்கள் வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவது வழக்கம். அதையும், வீட்டையும், தெருவையும், ஆயாவையும் பதினொரு தட்டுகளில் பிடித்துத் தள்ளினார். மறுநாள் விமானம் ஏறும்போது தட்டுகளை என்னிடம் கொடுத்து, “தம்பி, நல்லதா வெட்டி ஒரே படமா செஞ்சி அனுப்பு. நீ கதை எழுதறவனாச்சே!” என்றார்.

கதை எழுதுவது வேறு, இது வேறு என்பது அன்று இரவே தெரிந்துவிட்டது. என் கம்ப்யூட்டரில் விண்டோஸோடு இலவசமாக வந்த ‘மூவி மேக்கர்’ இருந்தது. அது தட்டிலிருந்த பைல்களை வாசலிலேயே நிறுத்திவிட்டது. யூலீட் வீடியோஸ்டூடியோ, பின்னக்கிள் ஸ்டூடியோ, 2004-இல் வந்த அடோபி பிரீமியர் எலிமென்ட்ஸ் என்று பெட்டியில் வைத்து விற்றவையும் அப்போது இருந்தன. விலையை விசாரித்துவிட்டு, கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஒரு கடையில் தட்டுகளைக் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து நாற்பது நிமிஷப் படம் ஒன்று கிடைத்தது. பக்கம் புரண்டது, ரோஜா இதழ் கொட்டிற்று, சுவாமி புறப்பாட்டின்மேல் இரண்டு இதயங்கள் பறந்து வந்து ஒட்டிக்கொண்டன. ஆரம்பம் முதல் முடிவு வரை சினிமாப் பாட்டு. ஒருவர் குரலும் இல்லை. ஆயா வாயை அசைக்கிறாள், ஒரு பின்னணிப் பாடகர் பாடுகிறார். “பேச்செல்லாம் ஒரே சத்தமா இருந்திச்சி சார், எடுத்துட்டோம்” என்றார்கள். பிறகு ஏழாம் எண் போட்ட தட்டைத் தனியே நீட்டி, “இது காலி டிஸ்க் சார்” என்றார்கள். நானும் நம்பினேன்.

2009-இல் ஆயா காலமானாள்.

பத்து வருஷம் கழித்து, 2019-இல் அலமாரியை ஒழிக்கும்போது அந்தக் காலித் தட்டு கையில் அகப்பட்டது. எறியப் போனவன் எதற்கோ அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். உள்வட்டத்திலிருந்து வெளிவிளிம்பு வரையில் ஒரு நிறமாக இருந்தது. விளிம்பில் ஒரு நூலளவு மட்டும் வேறு நிறம். பதியாத தட்டில் அப்படி இரண்டு நிறம் இராது. அது காலியே அல்ல!

விஷயம் என்னவென்றால், இந்தத் தட்டுகளில் படம் பிடித்து முடித்ததும் ‘பதிவு முடிந்தது’ என்று முத்திரை வைக்க வேண்டும். புத்தகத்துக்குப் பொருளடக்கம் எழுதுவது போல. அதைச் செய்யாவிட்டால் பிடித்த கேமராவைத் தவிர வேறு பிளேயரோ கம்ப்யூட்டரோ உள்ளே இருப்பதைக் காணாது. காலி என்றே சொல்லும். கிளம்பும் அவசரத்தில் மாமா ஏழாம் தட்டுக்கு முத்திரை வைக்க மறந்திருக்கிறார். இப்படி மூடாத தட்டையும் படிக்க ‘ஐசோபஸ்டர்’ போன்ற சாஃப்ட்வேர்கள் உண்டு என்று பிறகு தெரிந்தது. அன்று எனக்குத் தெரிந்த வழி கேமரா ஒன்றுதான்; அது பிரான்சில் இருந்தது. மாமாவுக்குச் சொன்னேன். அடுத்த தடவை வரும்போது கொண்டுவருகிறேன் என்றார். அதற்குள் 2020-இல் கொரோனா வந்து வழியை அடைத்தது. 2022-இல்தான் வந்து சேர்ந்தார். பாட்டரி செத்துப்போயிருந்தது, கரண்டில் செருகினோம். பட்டியல் முழுவதும் பிரெஞ்சு மொழி. ‘ஃபினாலிஸே’ என்ற இடத்தில் மாமா விரலை வைத்து அமுக்கினார். தட்டு உள்ளே சுழன்ற அந்தச் சில நிமிஷங்கள் இருவரும் பேசவில்லை. கடைசியில் சுழற்சி நின்றது. முத்திரை விழுந்துவிட்டது.

*

இனிச் சாஃப்ட்வேர் தேர்வு. 2007-இல் செய்த தவறை நான் மறுபடி செய்யவில்லை. முதலில் தட்டை அப்படியே கம்ப்யூட்டரில் பிரதி எடுத்தேன். (இதற்குத் தட்டு நீட்டும் டிரைவ்தான் வேண்டும், அதன் நடுவில் சின்னத் தட்டுக்கென்று ஒரு குழி இருக்கும். சந்துக்குள் இழுத்துக்கொள்ளும் டிரைவில் எட்டு சென்டிமீட்டர்த் தட்டைப் போட்டால் உள்ளேயே மாட்டிக்கொள்ளலாம்.) பிறகு ஒவ்வொரு சாஃப்ட்வேரிடமும் மூன்று கேள்விகள் கேட்டேன். தட்டிலுள்ள பைலை உருமாற்றாமல் திறப்பாயா? நான் தொடாத இடத்தை நீயும் தொடாமல் விடுவாயா? குரலையும் உதட்டையும் பிரிக்காமல் வைத்திருப்பாயா? மாப்பிள்ளை பார்க்கும்போது, எத்தனை வித்தை தெரியும் என்று கேட்பதைவிட, என்ன கெட்ட பழக்கம் என்று விசாரிப்பதுதானே விவேகம்?

மூன்றாவது கேள்விக்குக் காரணம் உண்டு. தட்டில் ஒரு பைல் ஒரு ஜி.பி.க்கு மேல் போகாது. மீதி அடுத்த பைலுக்குப் போய்விடும். எங்கள் தட்டில் ஆயா ஒரு வார்த்தை பேசிக்கொண்டிருக்கும்போதே முதல் பைல் முடிந்தது. தனித்தனியாக ஏற்றிய சில சாஃப்ட்வேர்களில் அந்த இடத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம். அதற்குப் பின் குரல் ஒரு வழி, உதடு ஒரு வழி.

பெரிய பெரிய வித்தைக்காரர்கள் முதல் கேள்வியிலேயே தோற்றார்கள். கடைசியில் நின்றவை எல்லாம் இலவசம். பார்க்க, வி.எல்.சி.; ஒன்றையும் கெடுக்காமல் வெட்ட, லாஸ்லெஸ்கட்; துண்டுகளைக் கோத்துப் படமாக்க, ஷாட்கட்; அலையின் ஓரத்தில் சீப்புப் பல் போலத் தெரிந்த கோடுகளைப் போக்கிப் போனில் பார்க்கும்படி மாற்ற, ஹேண்ட்பிரேக். லாஸ்லெஸ்கட் முழுப் படம் வரும் இடத்தில்தான் வெட்டும். நாம் நினைத்த இடத்திலிருந்து அரை செகண்டு முன்னே பின்னே இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டுமே! அரை செகண்டுக்காக அத்தனையையும் அரைத்து மாவாக்குவானேன்?

இவற்றின் பூர்வீகத்தை விசாரித்தபோதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. வி.எல்.சி. 1996-இல் பாரிஸின் ‘எக்கோல் சென்ட்ரல்’ என்ற எஞ்சினீயரிங் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய வேலையிலிருந்து பிறந்தது. 2001-இல் எல்லோருக்கும் பொதுவாகத் திறந்துவிடப்பட்டது. ஹேண்ட்பிரேக்கை 2003-இல் தொடங்கியவர் எரிக் பெத்தி என்ற பிரெஞ்சுக்காரர். இந்த நான்குக்கும் அடியில் இருந்து உழைக்கும் ‘எஃப்.எஃப்.எம்பெக்’கை 2000-இல் தொடங்கியவர் ஃபாப்ரீஸ் பெலார், அவரும் பிரெஞ்சுக்காரர். புடவையின் நிறத்தைக் கொண்டுபோனவர்கள், ஆயாவின் குரலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கணக்கு நேராயிற்று என்றேன் மாமாவிடம். அவர் ஒரு சொல்தாவுக்குரிய கம்பீரத்துடன் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார்.

*

ஏழாம் தட்டை நாங்கள் இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். கடல், பல்லக்குகள், தெப்பமாய் நனைந்த கூட்டம், வீடு திரும்புதல். பதின்மூன்றாவது நிமிஷத்தில் படம் சட்டென்று கோணலாகி, தரையில் போய் நின்றது. கேமராவை அணைத்துவிட்டோம் என்று எண்ணிக்கொண்டு மாமா அதைத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறார். சிவப்புச் சிமெண்டுத் தரை, ஒரு பூக்கூடையின் விளிம்பு, ஆயாவின் பாதம், அரக்குப் புடவையின் கரை. நாலு நிமிஷத்துக்கு வேறொன்றும் இல்லை.

“இத வெட்டிடு தம்பி. வெறும் தரைதானே” என்றார் மாமா.

வெட்டத்தான் போனேன். அதற்குள் குரல் கேட்டது. பூக்காரியிடம் ஆயா பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

“இதாடி முழம்? போன மாசத்துக்கு இந்த மாசம் உன் கை குட்டையாப் போச்சா?”

பூக்காரி சிரிக்கிறாள். உள்ளே புள்ளை வந்திருக்க இங்கே ஏன் தனியாக உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்கிறாள். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு ஆயாவின் குரல், வேறு மாதிரி:

“நாளைக்குக் கெளம்பறான். அவன் எதிர்ல அழுவக் கூடாதுன்னுதான் இப்பிடி வந்து குந்திக்கினு இருக்கேன். நீ பூவைக் குடுத்துட்டுப் போ.”

மாமா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் தரையைத் தவிர ஒன்றும் இல்லை. வெகுநேரம் கழித்து, “வெட்டாத” என்றார்.

எந்தச் சாஃப்ட்வேரிடம் கேட்டாலும், எந்தக் கடையில் கொடுத்தாலும், முதலில் குப்பை என்று தள்ளப்படுவது அந்த நாலு நிமிஷம்தான். லூமியேர் படத்து இலைகளைப் போல யாரும் பிடிக்க நினைக்காமல் தானாக வந்து விழுந்தது அது. ஏழாம் தட்டைக் கடைக்காரர்கள் காலி என்று எண்ணியதே எங்கள் பாக்கியம்.

வீட்டில் காட்டுவதற்கென்று பன்னிரண்டு நிமிஷத்தில் ஒரு படம் தனியே செய்திருக்கிறேன். அதில் பாட்டும் இல்லை, இதயமும் பறக்கவில்லை. பதினொரு தட்டுகளையும் அப்படியே பிரதி எடுத்து மூன்று இடங்களில் வைத்திருக்கிறேன்; ஒன்று மாமாவிடம் பாரிஸில் இருக்கிறது. உங்கள் வீட்டு அலமாரியிலும் இப்படி ஒரு சின்னத் தட்டு இருக்கலாம். இவை நாளாக நாளாக மங்கும். படிக்கும் டிரைவும் புதுக் கம்ப்யூட்டர்களில் அநேகமாக இல்லை. எதைக் கொண்டு வெட்டுவது என்பதை நிதானமாக யோசித்துக்கொள்ளலாம். பிரதி எடுப்பதை மட்டும் இந்த வாரமே செய்துவிடுங்கள்.